உங்கள் கடிகாரத்தில் மணி மூன்று

அன்புள்ள தையல்காரர் ஐயாவுக்கு,

கப்பலின் அடித்தளத்தில் ஊரார் துணியைத் துவைத்துக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி எழுதுவது. நான் சௌக்கியம். இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது, ஜாக்கெட்டுகளைப் பிரித்து விட ஆயத்தமாக இருங்கள். போனில் கூப்பிட்டால் "ம்" என்பதற்கு மேல் உங்கள் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை. அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. பிழை இருந்தால் மகளிடம் காட்டிச் சிரிக்காதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மொத்தம் பதினோரு வரி. தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று அளவு நோட்டில் குறிப்பது போலவே எழுதியிருக்கிறீர்கள். மகள் படிப்பு முடிந்து வேலையிலும் சேர்ந்துவிட்டாள். சந்தோஷம். அவள் படிப்புக்காகத்தானே நான் கப்பல் ஏறியது. வாசல் சாக்கடை அடைத்துக்கொண்டது, மெஷின் பெல்ட்டை மாற்றியாயிற்று, எல்லாம் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதற்குக் கடைசி வரியில் பதில்: "இன்னும் ஒரு வருஷம் கையெழுத்துப் போடுவதும் திரும்பி வருவதும் உன் இஷ்டம்."

அந்த இஷ்டத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போன வியாழக்கிழமை ஊர் பார்க்கப் போனேன்.

ராஜா காலத்து ஊர். பயணிகள் எல்லாரும் குடை பிடித்த ஒருத்தன் பின்னால் வாத்துக் கூட்டம் போலப் போனார்கள். எனக்கு அரை நாள் விடுப்பு. என் அறையில் இருக்கும் காய்கறி நறுக்குகிறவள், "அக்கா, தனியாவா போற? யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?" என்றாள். "தூக்குனவனுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்டி, கவலப்படாத" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கோட்டைப் படிக்கட்டு நடுவில் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது, உங்கள் பழைய கால்சட்டையின் பின்பக்கம் மாதிரி. மேலே ஏறிப் பார்த்தால் எங்கள் கப்பலே தீப்பெட்டி அளவுதான். எல்லாரும் கோபுரத்தைப் படம் பிடித்தார்கள். நான் எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே கொடி கட்டி உலர்த்தியிருந்த துணிகளைப் பார்த்துக்கொண்டே சந்து சந்தாகப் போனேன்.

ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி பெட்ஷீட்டின் ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறு முனையைத் தனியாக முறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குழாயிலிருந்து கழற்றி நான் பிடித்துக்கொண்டேன். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. ஆனாலும் ஒரே முறுக்கில் தண்ணீர் மொத்தமும் இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நீங்கள் மறுமுனையைப் பிடிக்கிறீர்கள், ஒரு நாளாவது சரியான பக்கம் முறுக்கியிருக்கிறீர்களா? நான் முறுக்க முறுக்க நீங்களும் கூடவே திருப்பி, துணி உருளுமே தவிரப் பிழியாது. நான் திட்டுவேன், நீங்கள் "ம்" என்பீர்கள். அந்த ஊர்க்காரி நன்றாக முறுக்கினாள். எனக்குத்தான் சப்பென்று போய்விட்டது.

அவள் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். நான் கிளம்பும்போது நீங்கள் உங்கள் கையிலிருந்து கழற்றிக் கட்டிவிட்டதுதான். அதை நான் திருப்பவே இல்லை, அதில் இன்னமும் நம் வீட்டு நேரம்தான் ஓடுகிறது. மணி மூன்று. மெஷின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்குவீர்கள், எழுந்தால் கன்னத்தில் சாக்பீஸ் கோடு இருக்கும். உங்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போலச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். கப்பல் கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆறு மணிக்குள் ஏற வேண்டியவள் ஐந்தரைக்கு உங்கள் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன்! சங்கு ஊதியதும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவளும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குறுக்குச் சந்தில் ஓடிவந்தாள்.

பாதி ஓட்டத்தில் ஒரு நினைப்பு. கப்பல் போனால் போகட்டும், இப்படியே வீட்டுக்குப் போய்விட்டால் என்ன? கால் தானாக மெதுவாகிவிட்டது. அப்புறம்தான், நீங்கள் இன்னும் கூப்பிடவே இல்லையே என்பது ஞாபகம் வந்தது. மறுபடியும் ஓடினேன். நான் ஏறியதும் பலகையை இழுத்துவிட்டார்கள்.

மேற்பார்வைக்காரர் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினார். கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார். இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போடும்படி ஒரு வருஷத்துக்கான தாளையும் நீட்டினார். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் இஷ்டத்தைத்தான் கேட்கிறேன். இருபதாம் தேதிக்கு முன் நாங்கள் நிற்கும் துறைமுக விலாசம் பின்பக்கம் இருக்கிறது. இந்தத் தடவை சாக்கடையும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம். "வா" என்று மட்டும் எழுதிப் போடுங்கள், போதும். நான் அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன்.

கடிகாரத்தைத் திருப்பவில்லை. உங்களுக்கு இப்போது ஒன்பது பத்து, கடையைத் திறந்திருப்பீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்ஷீட்டைத் துவைக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
அதன் மறுமுனையைப் பிடிக்கக் காத்திருக்கும்
உங்கள் வாயாடி