மேல் பாதி அம்மாவுக்கு

கிளாஸ்கோ,
12 அக்டோபர் 2024

அன்பு ஷஃபா,

நலம்தானே? அத்தா, அம்மா, தம்பி தௌசிஃப் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள்? இமெயில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால், ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டுக்குப் போகும்போது அம்மா உன் போனை வாங்கி என் போட்டோவைத் தேடுவாள். எல்லாவற்றையும் படித்துவிடுவாள். இதில் நான் கோடு போட்டிருக்கும் இடம் வரைக்கும் அவர்களுக்கு வாசித்துக் காட்டு. கீழே இருப்பது உனக்கு மட்டும்.

அம்மா, அப்பா! வியாழக்கிழமை எங்கள் டிசைன் வகுப்பு மொத்தமும் ஒரு தீவுக்குப் போய் வந்தோம். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் லார்க்ஸ் என்று ஒரு கடலோர ஊர். அங்கே படகு. முட்டுக்காட்டுப் படகு மாதிரி நினைக்காதீர்கள். கார், பஸ் எல்லாம் அதன் வயிற்றுக்குள் ஏறி நிற்கிறது! பையை மடியில் வைத்து உட்காருவதற்குள் அக்கரை வந்துவிட்டது. தீவைச் சுற்றி ஒரே ரோடு. வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றினோம். கடலோரத்தில் ஒரு பாறைக்கு முதலை மாதிரி கண்ணும் பல்லும் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். “ஜனங்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்து வரையுங்கள்” என்றார் மேடம். நான் படகுத் துறையில் உட்கார்ந்திருந்தவர்களை வரைந்தேன். நன்றாக இருக்கிறது என்றார். மதியம் பொரித்த மீன். நம்ம வஞ்சிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போனேன், அம்மா.

———

இனி உனக்கு.

வகுப்பு எங்கேயும் போகவில்லை. நான் தனியாகப் போனேன். அன்றைக்குக் காலையில் எனக்கு ரிவ்யூ. செய்த வேலையைச் சுவரில் மாட்டி, எல்லார் முன்னாலும் விளக்கிச் சொல்ல வேண்டும். மாட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் நான் ஸ்டூடியோ பக்கமே போகவில்லை, ஷஃபா. காலேஜுக்குப் போகிற வழியில்தான் ரயில் நிலையம். உள்ளே நுழைந்தேன். முதலில் கிளம்புகிற வண்டி எது என்று பார்த்து ஏறிவிட்டேன்.

சைக்கிள் எடுத்தது நிஜம். கொஞ்ச தூரம் போனதும் மிதிக்கக் கால் வரவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே கடல். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டேன். நாயோடு நடக்க வந்த ஒரு பெண்மணி தட்டி எழுப்பி, உடம்புக்கு என்ன என்று கேட்டார். களைப்பு என்றேன். எங்கிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறாய் என்றார். படகுத் துறையைக் காட்டினேன். அது அங்கிருந்தே தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஒரு கோடுகூட வரையவில்லை. வீட்டில் சொல்லிவிடாதே. சீக்கிரம் சரியாகிவிடும்.

உன்
கவி


செங்கல்பட்டு,
20 அக்டோபர் 2024

அன்பு கவி,

இன்று மேல் பாதியை வாசித்தேன். உங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அந்தப் படகுல காரு ஏத்துனாங்கன்னு சொன்ன பாரு, அத்த இன்னொரு தபா படி.” படித்தேன். உங்கப்பா பாதியில் எழுந்து போய், பக்கத்து வீட்டு ஞானதாஸ் அங்கிளைக் கையோடு கூட்டி வந்தார். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

“மேடம் நல்லாகீதுன்னு சொன்னாங்கன்னா, அதுக்கு இன்னா மார்க்கு?” என்று கேட்டார் உங்கப்பா.

“நல்ல மார்க்தான்பா. கிளாஸ்லயே அவளுக்குத்தான் அதிகம்” என்றேன். இது நீ எழுதிக் கொடுக்காதது. என் வாயிலேயே வந்துவிட்டது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்து ஒரு வாரம் எனக்குப் பதில் எழுதப் பிடிக்கவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நாளில் ரெண்டு பேரும் அப்ளிகேஷன் அனுப்பினோம். உனக்கு விசா வந்தது, எனக்கு வரவில்லை. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். உண்மையும் அதுதான். ஆனால் நீ அந்தக் கடலுக்கு எதிரே தூங்கினாய் என்று படித்தபோது, திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். நான் வேலை பார்க்கிற மாமல்லபுரம் ரிசார்ட்டில், ‘ஈரத் துணியோடு உள்ளே வராதீர்கள்’ போர்டுக்கு எழுத்து சிறியதாக இருக்கிறது என்று மேனேஜர் மூன்றாவது முறை திருப்பி அனுப்பியிருந்தார். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

அப்புறம் அடங்கிவிட்டது. நீ சோம்பேறி இல்லை. காலேஜில் மாடல் செய்கிற நாளில் சோற்றை மறந்து கிடந்தவள் நீ. சைக்கிளில் நாலடி போகக் கால் வரவில்லை என்றால் வேறு என்னவோ இருக்கிறது. டாக்டரைப் பார். பார்த்துவிட்டு எழுது.

அம்மா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள்.

ஷஃபானா


கிளாஸ்கோ,
9 நவம்பர் 2024

அன்பு ஷஃபா,

திட்டியது நல்லதாயிற்று. இங்கே எல்லாரும் மரியாதையாகப் பேசிப் பேசி, யாரிடமும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

டாக்டரைப் பார்த்தேன். தூக்கம், சாப்பாடு, அழுகை என்று கேட்டுக்கொண்டே வந்தார். “கடைசியாக எதற்காக ஆசைப்பட்டாய்?” என்றார். ரொம்ப நேரம் யோசித்தும் பதில் வரவில்லை. மனச்சோர்வு என்றார். மாத்திரை தந்திருக்கிறார். எனக்கு அழுகைகூட வருவதில்லை. பல் தேய்த்தால் ஒரு நாள் வேலையை முடித்த மாதிரி இருக்கிறது. அப்புறம் படுத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் நாலு மணிக்கே வெளியே இருட்டிவிடுகிறது. எழுந்தது தெரியாமலேயே மறுபடி படுக்கிற நேரம் வந்துவிடுகிறது.

காலேஜிலிருந்து மெயில் வந்திருக்கிறது. தொடர்ந்து வராவிட்டால் விசா துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்று. மிரட்டலாக இல்லை, வந்து பேசு என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். போகவில்லை.

அப்பா போன் பண்ணும்போது கேமராவை அணைத்துவிட்டு, நெட் சரியில்லை என்கிறேன். அவரும் “சரிம்மா, படி” என்று வைத்துவிடுகிறார். ஊரில் யாரைப் பார்த்தாலும் என்னைப் பற்றித்தான் பேசுகிறாராம். அவருக்கு எப்படிச் சொல்வேன்?

இந்தத் தடவை மேல் பாதி எழுத என்னால் முடியவில்லை. ரெண்டு முறை ஆரம்பித்துப் பார்த்தேன். நீயே ஏதாவது எழுதி வாசித்துவிடேன். உனக்குத் தெரியாதா, நான் எப்படி எழுதுவேன் என்று?

கவி


செங்கல்பட்டு,
2 டிசம்பர் 2024

கவி,

சொல்லிவிட்டேன். முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீ தேடிப் படிக்க வேண்டாம்.

நீ கேட்ட மாதிரி மூன்று ஞாயிறு நானே எழுதி வாசித்தேன். உன்னை ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். வகுப்பில் ஜெஸ்ஸி என்று உனக்கு ஒரு தோழியைச் செய்து கொடுத்தேன். உங்கம்மா அந்த ஜெஸ்ஸிக்கு முறுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். வாரம் முழுக்க, அடுத்த ஞாயிறு உன்னை என்ன செய்ய வைக்கலாம் என்று பஸ்ஸில் யோசித்தேன். வேலையைவிட அதுதான் என்னைக் களைக்க வைத்தது.

நேற்று மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. போனேன். மேசைமேல் ரெண்டு பாஸ்போர்ட். புத்தம் புதுசு. உன் பட்டமளிப்புக்கு அவர்கள் ரெண்டு பேரும் வரப்போகிறார்களாம். “அவகிட்ட மூச்சு வுடாத. திடீர்னு போயி நிக்கணும்” என்றார் உங்கப்பா. உங்கம்மா தன்னுடையதைத் திறந்து, பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள். “நாலாவதும் பொட்டன்னு எனக்கு ‘வேண்டா’ன்னு பேரு வெச்சாங்க. கல்யாணப் பத்திரிகைல போடவே எங்கப்பாவுக்கு வெக்கம். இப்ப பாரு, இங்கிலீஷ்ல கீது. எம் பொண்ணு படிக்கிற ஊருக்கு இத்த காட்டித்தான் உள்ள போவணும்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“அம்மா, கவி காலேஜுக்குப் போறதில்ல” என்றேன்.

உங்கப்பா சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். “இன்னா சொல்ற?”

“அவளுக்கு உடம்பு முடியலப்பா. மனசு முடியல. டாக்டர் மாத்திர குடுத்திருக்காரு.”

“அப்ப அந்தத் தீவு?”

“தனியா போனா. போயி தூங்கிட்டு வந்தா.”

“போன வாரம் சொன்னியே, கண்காட்சி?”

“அது நான் சொன்னது.”

 பிறகு உங்கப்பா சொன்னார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “எங்க வூட்டுல குந்திகினு, அவ போட்ட டீயக் குடிச்சிகினு, எங்க மூஞ்சப் பாத்து கத சொல்லிகினு இருந்தியா நீ?”

 அதைத்தான் செய்தேன்.

உங்கம்மா ஒன்றுதான் கேட்டாள். “சாப்பிடுறாளா?” தெரியலம்மா என்றேன். உடனே போனை எடுத்து உனக்கு அடிக்க ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. உங்கப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். “இனிமே இந்தப் பக்கம் வராதம்மா” என்றார். குடையைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

இன்று காலை முழுக்க உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று தோன்றுகிறது. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் வருத்தம். இனி மேல் பாதி, கீழ்ப் பாதி எதுவும் என்னால் ஆகாது. உனக்கும் அவர்களுக்கும் நடுவில் நான் நிற்க மாட்டேன். நீயே பேசு. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, ஆனால் பதில் எதிர்பார்க்காதே. கொஞ்ச நாளைக்கு நான் யாருக்கும் எதையும் எழுதுவதாக இல்லை.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

ஷஃபானா


மாமல்லபுரம்,
23 ஜனவரி 2025

ஷஃபா,

பதில் எதிர்பார்க்கவில்லை. நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

நான் வந்துவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். செங்கல்பட்டு என்ன பெரிய ஊரா! அன்றைக்கு அம்மா போன் அடித்ததும் எடுத்தேன். கேமராவைப் போடு என்றாள். போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “வூட்டுக்கு வா” என்றாள். வேறு ஒன்றும் இல்லை. காலேஜுக்குப் போய்ப் பேசினேன். உடம்பு சரியானால் அடுத்த வருஷம் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொடர்வேனா தெரியாது. இப்போது யாரும் கேட்பதில்லை. ஏர்போர்ட்டுக்கு அப்பா வந்தார். ரெண்டு பெட்டியையும் அவரே தூக்கினார். கார் வண்டலூர் தாண்டும் வரைக்கும் என் கையை விடவில்லை.

வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் சொல்லச் சொன்னவள் நான். எனக்கு மடியும் தலையணையும் கிடைத்தது. வாசலுக்கு வெளியே நிற்பவள் நீ. இது எனக்குப் புரியவே நாளாயிற்று. முதலில் உன்மேல்தான் கோபமாக இருந்தேன். கொஞ்சம் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று. சொல்லியிருக்க மாட்டேன். அந்த அறையிலேயே கிடந்திருப்பேன்.

பொங்கல் முடிந்து அப்பாவிடம் உன் பேச்சை எடுத்தேன். எல்லாம் நான் கேட்டுத்தான் என்றேன். “நீ முடியாதவ, கேட்ட. அவளுக்கு இன்னா வந்துச்சு?” என்றார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் அவர் சாப்பிடும்போது சொன்னேன். “அவளுக்கும் முடியலப்பா. யாரும் கேக்கல, அவ்ளோதான்.” பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மனசு மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். மாற நாளாகும். மாறாமலும் போகலாம். அம்மா மட்டும், “அந்தப் பொண்ணு எளச்சிகினே வந்துச்சி, நாந்தான் கேக்காம வுட்டுட்டேன்” என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

நானும் கேட்டதில்லை, ஷஃபா. இத்தனை நாளாக உனக்கு எழுதினேன். நீ எப்படி இருக்கிறாய் என்று முதல் வரியில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

இதை உன் ரிசார்ட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து போனில் அடிக்கிறேன். ஊருக்கு வந்தபின் வீட்டைவிட்டு இன்றைக்குத்தான் வெளியே வந்தேன். குளித்து, பஸ் ஏறி, இங்கே இறங்குவதற்குள் உடம்பெல்லாம் விட்டுப் போயிற்று. பாதி வழியில் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நீ வேலை முடிந்து வரும்போது என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் போ. நான் எழுந்து பின்னால் வர மாட்டேன், அதற்கெல்லாம் இப்போது தெம்பில்லை. பேசப் பிடித்தால் வந்து உட்கார். என் சங்கதியைச் சொல்ல மாட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று சொல். எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கவியா