மணி போகிறது, பதில் இல்லை

6 ஜூன் 2006, செவ்வாய்

கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஏ.சி. மெஷின்களுக்கு மட்டும். எங்களுக்கு ஃபேன், அதுவும் ஆடி ஆடி.

கண்ணாடி இழை கேபிள் ஒருவழியாக ஈ.சி.ஆர். ஓரமாகவே வந்து புதுப்பட்டினம் சேர்ந்துவிட்டது. நாடு முழுக்க பிராட்பேண்ட். நமக்கு முதல் தவணையில் 48 இணைப்பு. வந்த அப்ளிகேஷன் 63. முந்தி வந்தவர்களுக்கு முதலில்.

யார் வீட்டுக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு நம்பருக்கும் மணி அடிக்க வேண்டும். எடுத்தால், நாளைக்கு வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டு, நேரில் போய் லைனில் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். மூன்று நாள் எடுக்காவிட்டால் ம.ப.இ. - மணி போகிறது, பதில் இல்லை. பெயரை அடித்துவிட்டு அஞ்சலட்டை. முப்பது வருடமாக இதுதான் முறை. ஒருவரும் குறை சொன்னதில்லை.

நாளைக்கு:
- டிராப் ஒயர் இரண்டு சுருள்
- சரோஜாவுக்கு முட்டிவலித் தைலம்
- காக்கி பேண்ட், இடுப்பு பிரிக்க (மறுபடியும்!)

8 ஜூன், வியாழன்

காலையில் பத்து நிமிடம் தூறல். மண் வாசனை வருவதற்குள் நின்றுவிட்டது.

இன்று போனில் கேட்டவை:
"பிராட்பேண்டா? ஏம்பா, அது வந்தா கேபிள் டிவி கட் ஆயிடுமா?"
"எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயிகீறாரு. வந்ததும் சொல்றேன்."
ஒரு அம்மாள் நான் யாரென்று கேட்காமலே தன் மூட்டுவலியைச் சொல்லி முடித்தார். சரோஜா போடும் தைலத்தின் பெயரைச் சொன்னேன்.

கழிந்தவை: தூரம் அதிகம், லைன் தாங்காது - 3. ம.ப.இ. - 2 (வரிசை 11 ஏழுமலை, வரிசை 37 ஒரு ரிட்டயர்டு கிளார்க்). ஏழுமலைக்கு மூன்று நாளில் ஒன்பது தடவை அடித்தாயிற்று. மணி ஜோராகப் போகிறது. எடுக்கத்தான் ஆள் இல்லை. கேட்டு வாங்கிய போனை எடுக்கக்கூட முடியாதவர்களுக்கு எதற்கு பிராட்பேண்ட் என்று எரிச்சலாக இருந்தது. பேனாவை அழுத்தியே அடித்தேன்.

எங்கள் வீடு வரிசை 53. முன்னால் ஐந்து கழிந்ததால் 48. கடைசி இடம்! வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

9 ஜூன், வெள்ளி

செந்தில் குதிக்கிறான். சிறுசேரி ஆபீசுக்குக் காலை ஐந்தே முக்காலுக்கே கம்பெனி வண்டி வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்களாம். "அப்பா, நீ கிரேட்டுப்பா." இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாள். மீசையை முறுக்காத குறை.

திங்களன்று பட்டியல் செங்கல்பட்டு போகிறது. அதன் பிறகு ஒரு எழுத்து மாற்ற முடியாது.

10 ஜூன், சனி

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

பேண்ட் வாங்க சாந்தி டைலர்ஸ் போனேன். ஊமை டைலர் என்றுதான் ஊரே சொல்லும், நானும்தான். பன்னிரண்டு வருடமாக என் இடுப்பு பெருத்த கணக்கெல்லாம் அவருக்குத் தெரியும். பேண்டைக் கொடுத்தவர் என் சட்டைப் பையிலிருந்த டிபார்ட்மென்ட் அட்டையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே போய் ஒரு அஞ்சலட்டை எடுத்து வந்தார். என் கையெழுத்து. 'தொலைபேசிக்குப் பதில் இல்லாததால் ரத்து.' பெயர்: ஏழுமலை.

நான் முழித்தேன். பக்கத்து இட்லிக் கடை முனியம்மா கரண்டியோடு வந்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்த, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் காது கேக்காது. நீ போன் அடிச்சா அவன் எப்பிடி எடுப்பான்?"

"அப்புறம் போன் எதுக்கும்மா வாங்கினாரு?"

"போன் இல்லாம அந்த நெட்டு தரமாட்டேன்னு உங்க ஆபீஸ்லதான சொன்னாங்க?"

உண்மைதான். லேண்ட்லைன் இருந்தால்தான் பிராட்பேண்ட். போன மாதம் நான் லீவில் இருந்தபோது வேறு ஆள் வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். போன் துணி போர்த்தி அப்படியே இருக்கிறது. தூசு படக்கூடாதாம்.

மீதியையும் முனியம்மாதான் சொன்னார். மகள் சாந்திக்கும் காது கேட்காது. கட்டிக்கொடுத்து மஸ்கட்டில். இப்போது எட்டு மாதக் கர்ப்பம். ஞாயிறுதோறும் மாமல்லபுரம் பிரவுசிங் சென்டரில் கேமரா வைத்து மூவரும் கையாலேயே பேசிக்கொள்வார்களாம். அந்தத் தடுப்புக்குள் ஒரு ஆள்தான் உட்காரலாம்; கை வீசினால் பலகையில் இடிக்கும், பக்கத்தில் இருப்பவன் கத்துவான். அப்புறம் ஏழுமலையின் மனைவி கனகா படியில் விழுந்து கால் முறிந்தது. பஸ் ஏற முடியாது. நாலு மாதமாக மகள் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கித் தையல் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

"பொண்ணு வயிறு எம்மாம் பெர்சா கீதுன்னு அவளுக்குத் தெரியாது, பாவம்."

ஏழுமலை என்னைத் திட்டவில்லை. அஞ்சலட்டையை நீவி விட்டு மறுபடி என்னிடம் நீட்டினார். எங்கேயோ தப்பு நடந்துவிட்டது, நீ பார்த்துச் சொல் என்பதுபோல. திட்டியிருந்தால் தேவலை.

மீட்டர் வைத்தேன். அருமையான லைன்.

11 ஜூன், ஞாயிறு

புழுக்கம். கடற்காற்றும் இல்லை. காலையில் வரிசை 37 வீட்டுக்கும் நேரில் போனேன். பூட்டு. குடும்பம் மதுரைக்கே போய்விட்டதாம். அது சரி. வரிசை 11, ஏழுமலை மட்டும்தான் தப்பு.

அவரைத் திரும்பச் சேர்த்தால் நாங்கள் 49. செந்திலிடம் சொன்னேன்.

"இன்னாப்பா இது, டிபார்ட்மென்ட்ல இருந்துகினு நம்ம வூட்டுக்கே இல்லன்ற? அடுத்த தபா அவருக்குக் குடுத்தா இன்னா?"

அடுத்த தவணை எப்போது என்று யாருக்கும் தெரியாது. சாந்திக்கு அடுத்த மாதம் பிரசவம்.

சரோஜா வெங்காயம் அரிந்துகொண்டே, "நீங்க அடிச்சத நீங்கதான திருத்தணும்" என்றாள். அவ்வளவுதான். செந்தில் சாப்பிடாமல் எழுந்து போனான்.

முப்பது வருடம் ஹலோ என்றால் ஆள் இருக்கிறார், இல்லாவிட்டால் இல்லை. இதற்கு முன் எத்தனை பேரை இப்படி இல்லையாக்கினேனோ. வெட்கமாக இருக்கிறது.

12 ஜூன், திங்கள்

இன்ஜினியர் மேடத்திடம் பட்டியலைக் கொடுக்குமுன் சொன்னேன். "மூணு நாள் கூப்பிட்டிருக்கீங்க, ரூல்படி சரிதானே?" என்றார். ரூல் சரி மேடம், நான்தான் தப்பு என்றேன். அவர் 48-இல் இருந்த பெயரைப் படித்தார். "இது உங்க வீடு இல்ல?"

"ஆமாம்."

திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

செந்தில் இன்றும் சாப்பிடாமலே வண்டி ஏறினான்.

21 ஜூன், புதன்

நல்ல காற்று. மோடம் நாலு மாட்டினேன். கடைசியாக சாந்தி டைலர்ஸ்.

பச்சை விளக்கு நிற்க இருபது நிமிடம். திரையில் முதலில் ஒரு ஜன்னல், பிறகு ஒரு பெண். நான் பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்து "ஹலோ! ஹலோ! கேக்குதா?" என்று கத்தினேன். முனியம்மா தலையிலடித்துக்கொண்டார்.

சாந்தி எழுந்து பக்கவாட்டில் திரும்பி நின்றாள். வயிறு. கனகா நாற்காலியிலிருந்தபடியே இரண்டு கையையும் வீசிப் பேசினார், இடிக்கப் பலகை ஏதும் இல்லை. ஏழுமலை நடுவே புகுந்து ஏதோ சொல்ல, கனகா அவர் கையைத் தட்டிவிட்டார். அவ்வளவு பேச்சு, அறையில் ஃபேன் சத்தம் மட்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒயரைச் சுருட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

வரும்போது ஒரு வேலை செய்தேன். பழைய ஸ்விட்ச் போர்டிலிருந்து கழற்றிய சிவப்பு நியான் பல்பை லைனில் கட்டி, தையல் மெஷினுக்கு நேர் மேலே மாட்டினேன். மணி வந்தால் மினுக்கும். மினுக்கினால் ரிசீவரை எடுத்து விரலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும் என்று செய்து காட்டினேன். டிபார்ட்மென்ட்டிலிருந்து யார் அடித்தாலும் ஆள் இருப்பது தெரியட்டும்.

செந்தில் இரவு கேட்டான்: "அந்த டைலரு வூட்ல லைன் எடுத்துச்சாப்பா?" எடுத்தது என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

22 ஜூன், வியாழன்

வானம் மூட்டம். வந்ததும் முதல் வேலையாக அந்த நம்பருக்கு மணி அடித்தேன்.

ஐந்து தடவை மணி போனது. ஆறு. எடுத்தார்கள். சத்தமே இல்லை. பிறகு, டொக், டொக்.

நானும் பதிலுக்கு இரண்டு தட்டினேன். தட்டிய பிறகுதான் உறைத்தது, அங்கே யாருக்குக் கேட்கும்?

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க லைன்ல?"

ஏழுமலை என்றேன்.