சாம்பாரில் பரங்கிக்காய்

3.2, செவ்வாய்

காலையில் பனி. எதிர்வீடே தெரியவில்லை. கணக்கு டெஸ்ட் சுமார்.

சனிக்கிழமை பள்ளியில் ஊர்ச் சாப்பாடு. நம் ஊரில் விளைந்தது மட்டும். பெற்றோரும் வந்து பந்தியில் உட்கார வேண்டும். துவரை இங்கே விளையாது, அதனால் பாசிப்பருப்பு சாம்பார்.
அரிசி: மேலத்தெரு.
வாழையிலை: ரஹ்மத் வீடு.
மோர்: அறிவியல் டீச்சர் வீட்டு மாடு.
கத்தரிக்காய்: நாங்கள்.

இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். அப்பா எழுந்து, "மருந்தே படாத காயா தரேங்க டீச்சர்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவுக்கு யாரும் கை தட்டி நான் பார்த்ததில்லை. உட்காரும்போது நாற்காலியைத் தட்டிவிட்டார்.

5.2, வியாழன்

எழுத்து கோணல்.

விடியலில் அப்பாவுக்கு டீ கொண்டுபோனேன். முதுகில் மருந்து டேங்க், முகத்தில் துண்டு. கத்தரி முழுக்கப் புழு. திருப்பிப் பார்த்தால் பாதிக் காயில் ஓட்டை.

"கிட்ட வராத, காத்து அந்தப் பக்கம் அடிக்குது." அப்புறம் மெதுவாக, "யார்கிட்டயும் சொல்லாதம்மா."

பாட்டிலைப் படித்தேன். அடித்தால் ஒரு வாரத்துக்குப் பறிக்கக் கூடாது. சனிக்கிழமைக்கு இரண்டே நாள்.

நாங்கள் அந்தக் காயைத் தின்பதே இல்லை. கொல்லையில் வீட்டுக்கென்று ஒரு பாத்தி, அதற்கு மருந்து கிடையாது. கடைக்குப் போவது வயலில், வாய்க்குப் போவது கொல்லையில் என்று அம்மா சொல்லும். இதுவரை அது எனக்குத் தப்பாகத் தோன்றியதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஊரு முன்னால ஒத்துக்கிட்டாரு. இப்ப இல்லன்னா மூஞ்சிய எங்கடி வச்சுக்குவாரு? வாய மூடிக்கிட்டு இரு."

அப்பா என்னை அடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அதுதான் பயம்.

6.2, வெள்ளி

ரஹ்மத் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள்: "எங்க லாத்தா மாசமா இருக்குல்ல, கத்தரிக்கா கத்தரிக்கான்னு உசுர வாங்குது. உங்கப்பா காய்க்காகவே நாளைக்கு வருதாம். ரெண்டு எலை போடச் சொல்லு!"

சிரித்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் அப்பா வயலில் ஓட்டையில்லாத காயாகப் பறித்து மூட்டை கட்டினார். வாசல் ஓரம் வைத்திருக்கிறது. பளபளவென்று அழகாக இருக்கிறது.

டீச்சரிடம் சொன்னால் அப்பா தலை குனிவார். சொல்லாவிட்டால் ரஹ்மத்தின் லாத்தா. தங்கை மதிக்கு ஆறு வயது, அவளும் சாப்பிடுவாள். நானும்.

அப்பா இருமுகிறார். போதும்.

7.2, சனி

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பும்.

அப்பா விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போனார். மூட்டையைக் கொல்லைக்கு இழுத்துப் போய்க் குப்பைக் குழியில் கொட்டினேன். சாக்கை அப்படியே போட்டுவிட்டு வேறு சாக்கு எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டுப் பாத்தியில் பறித்தேன். பிஞ்சுகூட விடவில்லை. பாதிச் சாக்குகூட வரவில்லை.

நிமிர்ந்தால் அம்மா. கையில் அரிவாள்.

"இது பத்தாதுடி" என்றது. கூரைமேல் கிடந்த பரங்கிக்காய் மூன்றையும் அறுத்துத் தந்தது. அப்பா வருவதற்குள் பள்ளி ஆட்டோ வந்து மூட்டையை ஏற்றிக்கொண்டது.

பந்திக்குப் போகும்போது எங்கள் வண்டியில் அப்பா மதியிடம், "சாம்பார் வேணாம்டா கண்ணு. மோர் ஊத்திச் சாப்புடு."

பந்தி. நான், மதி, அப்பா. எதிர்வரிசையில் அம்மா. ரஹ்மத்தின் லாத்தா இரண்டாம் தரம் சாம்பார் கேட்டது. சாம்பார் வாளியோடு மேலத்தெரு மாமா வந்தார். அப்பா மதி இலைமேல் கையை விரித்து மறைத்தார்.

"புள்ளைக்கு வேணாங்க."

"என்னங்க இது! காய் குடுத்த வீட்டுப் புள்ளைக்கே வேணாமா? கத்தரிக்காய்னீங்க, பாத்தா பாதி பரங்கிக்காயால்ல இருக்கு!"

பந்தியே சிரித்தது. அப்பா என் இலையைப் பார்த்தார். பச்சைக் கோடு போட்ட தோல், எங்கள் கூரைக் காய். என்னைப் பார்த்தார். எதிரே அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை நிமிராமல் சாம்பார்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கையை எடுத்தார்.

"ஊத்துங்க. எனக்கும்."

டீச்சர் வந்து காய் ருசியைப் புகழ்ந்தார். அப்பா, "கொல்லைக் காய்ங்க" என்றார். சத்தமே வரவில்லை.

என்னிடம் இன்னும் பேசவில்லை.

8.2, ஞாயிறு

பனி இல்லை. சட்டை துவைத்தேன். சாம்பார் கறை போகவில்லை.

காலையில் அப்பா வீட்டுப் பாத்தி ஓரம் ரொம்ப நேரம் நின்றார். ஒரு காய் இல்லை. மத்தியானமும் பேச்சில்லை. சாயங்காலம் மண்வெட்டியோடு குப்பைக் குழிக்குப் போனார். போச்சு என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். காய்மேல் மண்ணைத் தள்ளி மிதித்து மூடினார்.

"ஆடு மேஞ்சுடும்" என்றார். என்னிடம்தான். வேறு யாரும் அங்கே இல்லை.

திங்கட்கிழமை கும்பகோணம் மார்க்கெட். எப்போதும் ஞாயிறு சாயங்காலமே வயலில் பறித்துவிடுவார். இருட்டியும் கூடையை எடுக்கவில்லை.

"பறிக்கலையாப்பா?"

கால் மண்ணைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஒரு வாரம் ஆவட்டும். வியாழக்கிழம பறிச்சுக்கலாம்."