பின்வாசல் முடுக்கு

காலையிலிருந்து தெருவெங்கும் சுண்ணாம்பு நீற்றுகிற வாடை, மைனி. எல்லோரும் பின்பக்கம் குளியலறை கட்டப்போகிறார்களாம். அதற்காக வீடுகளுக்குப் பின்னால் நாம் நடந்த குறுகலான வழியை, நம் முடுக்கை மூடி, அவரவர் இடத்தை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கடைசி வீட்டுக்காரி நான் மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் நான் எதற்குச் சரி சொல்லியிருக்கிறேன்? நீங்கள் கண்ணை மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில் நம் பழைய தெரு எரிந்த பிறகுதான் நெசவாளர்களுக்கு இந்தக் காலனி வந்தது. சர்க்கார் கடன் கொடுத்து, கல் அஸ்திவாரம் போட்டு, ஓட்டு வீடு கட்டித் தந்தது. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் அடித்தால், பழைய ஓலைக்கூரை ஒழுகித் தறியில் பாவு நூல் நனையும். இங்கே ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஆனால் வீடு ஒதுக்கிய குலுக்கலில் மதினி உங்களுக்குத் தெருவின் முதல் வீடு, எனக்குக் கடைசி வீடு. பழைய தெருவில் பின்வாசல் வழியாகவே வீட்டுக்கு வீடு போய்வருவோம். புது வீட்டுக்குப் பின்னால் சுவர். பகலில் ஆண்கள் நடமாடும் தெருவில் இறங்குகிற வழக்கம் அன்று நம் பெண்களுக்குக் கிடையாது. ஒரே தெருவில் இருந்துகொண்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல் கிடந்தேன். தறிச் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. அழுதேன் மைனி, சொல்வதற்கென்ன.

வீடுகளைப் பார்க்க இன்ஜினியர் வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டீர்களே!

"வீடெல்லாம் நல்லாத்தான் கட்டியிருக்கிய. பொம்பளையள் ஒருத்தர ஒருத்தர் பாக்க எந்த வழியாப் போவாவ?"

"அப்படி ஒரு வழி பிளானில் இல்லையேம்மா."

"அப்போ உங்க பிளான்ல பொம்பளையளே கிடையாதாக்கும்."

கூட நின்ற ஆண்கள் இருமினார்கள். இன்ஜினியர் சிரித்துவிட்டார். எல்லா வீட்டுக்காரரும் பின்னால் கொஞ்சம் இடம் விட்டால் சுவரைத் தள்ளிக் கட்டி, பின்கதவு வைத்து வழிவிட ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் போனார்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், என் வீட்டுக்காரரைத் தவிர. "சர்க்கார் குடுத்த எடத்துல ஒரு சாண் விடமாட்டேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். நீங்கள் ஆள்விட்டுச் சொன்னீர்கள்: "தம்பி, ஒம் பொண்டாட்டிய எங்க வீட்டுக்கு அனுப்பிரு. நீ அந்த ஒரு சாண் எடத்தோட குடித்தனம் நடத்து." மனுஷன் சிரித்துக்கொண்டே இடத்தை விட்டார்.

அப்புறம் மத்தியானம் தறி ஓய்ந்தால் முடுக்கில் உங்கள் குரல் முதலில் வரும், "ஏட்டி, இருக்கியா?" பின்னால் மீன்குழம்புக் கிண்ணத்தோடு நீங்கள் வருவீர்கள். என் மகள் பிறந்த அன்று மருத்துவச்சிக்கு முன்னால் வந்து நின்றதும் நீங்கள்தான்.

இன்று நம் பெண்பிள்ளைகள் முன்வாசல் வழியாக, தலை நிமிர்ந்து, பஸ் ஏறிப் படிக்கப் போகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் முடுக்கில் இப்போது யாரும் வருவதில்லை.

மத்தியானம் மனசு கேட்காமல் அந்த வழியே நடந்தேன். முழங்கால்வரை செடி. உங்கள் மருமகள் துருப்பிடித்த தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக் கதவைத் திறந்தாள்.

"என்ன பெரியம்மா, முன்வாசல் வழியா வந்திருக்கலாம்லா? உள்ள வாங்க."

நல்ல பிள்ளை. "சும்மாத்தான் வந்தேன்" என்று திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் முடுக்கை மூடச் சம்மதம் கேட்டுத் தெருப் பையன்கள் மறுபடி வந்தார்கள். "அங்கன யாரு பெரியம்மா நடக்கா?" என்றான் ஒருவன்.

"நான் நடக்கேம்லா. நான் போய்ச் சேந்ததுக்கப்புறம் மூடிக்கோங்கலே" என்றேன்.

முகம் சுளித்துக்கொண்டு போனார்கள், போகட்டும். உங்கள் வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போக எனக்கு இன்னும் கால் வரவில்லை, மைனி.