பெரியவன் மாட்டின ரேம்

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க.

ஆல்பம் டிசைன் பண்றப்போ, மெமரியைப் படிக்க முடியலன்னு சொல்லி சாஃப்ட்வேர் பட்டுன்னு மூடிக்குதே, கம்ப்யூட்டரைத் திறந்து ரெண்டு ரேம் மெமரி அட்டையையும் மாத்தி மாத்திக் கழட்டிப் பாத்தேன். பழசு நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போனது நம்ம பெரியவன் உயிரோட இருந்தப்போ வாங்கி மாட்டினது.

"அவன் கைபட்டதைத் தொடாதே"ன்னு நேத்து கத்தினீங்க. உங்களுக்கு மட்டும்தான் அவன் மகனா?

தூக்கிப் போடல. பீரோவுல அவன் நீலச் சட்டைப் பையில வெச்சிருக்கேன். இப்ப சாஃப்ட்வேர் நிக்காம ஓடுது. ஆல்பத்தை முடிச்சுக் கஸ்டமர்கிட்ட குடுத்துடுங்க.

பி.கு.: மனசு கேக்கலேன்னா திரும்ப மாட்டிடுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன். கழட்டினதும் அதைக் கீழ வைக்க எனக்கும் கை வரல.