நீங்க அழிச்ச சிங்களம்

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் கோல்ல சொன்னா இடையில வெட்டிருவீங்க, அதான் எழுதுறன்.

வெளிநாட்டில இருந்து லீவுல வந்த நேரம் என்ட போனை வாங்கி, "இடமில்ல, பாவிக்காததெல்லாம் அழிச்சிட்டன்" எண்டு பெருமையாச் சொன்னீங்க. உங்கட கிரிக்கெட் கேமை மட்டும் விட்டிருந்தீங்க. போன்ல நான் சிங்களம் படிச்ச 'அப்'பைக் காணல்ல. அது பாவிக்காததெண்டு உங்களுக்கு ஆர் சொன்ன? சோறாக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் அதோட கதைச்சவள் நான். நீங்க ஒரு நாளும் குசினிக்குள்ள வந்து பார்க்கல்ல.

நீங்க திரும்பிப் போன பொறகு மகள் மின்ஹாவ அம்பாறைக் கிளினிக்குக் கொண்டு போனன். சொல் மறந்தா அந்த அப்பைப் பார்த்துத்தான் கதைப்பன். அண்டைக்கு டொக்டர் சிங்களத்தில கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியாம நிண்டன். பக்கத்தில இருந்த பொம்புள, "புருஷன் வரல்லியா?" எண்டு கேட்டா.

ஊட்டுக்கு வந்து உங்கட கேமை அழிச்சிட்டு, அப்பைத் திரும்பப் போட்டுப் படிச்சன்.

நேத்து மறுபடியும் போனன். டொக்டரோட நானே சிங்களத்தில கதைச்சன். பிள்ளைட நெஞ்சைப் பத்தி அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கிச்சி.

ராவு கோல் எடுத்து மழையப் பத்திக் கேட்டீங்க, மதில் வேலையப் பத்திக் கேட்டீங்க. டொக்டர் என்ன சொன்னாரெண்டு இன்னும் கேக்கல்ல.

இப்படிக்கு,
உங்கட மகள்ட உம்மா