உங்கள் துவக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன்

இஞ்சாருங்கோ என்று நான் கூப்பிட்டால் மட்டும் பேப்பரை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற என் அன்பானவருக்கு,

வருகிற கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். ஐயருக்குச் சொல்லியாயிற்று. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைப்பேன், பயப்படாதீர்கள். பாகற்காயைக் கண்ணிலும் காட்டமாட்டேன். அதற்கு முன் உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதைப் பிறர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது.

உங்கள் துவக்கைக் கொடுத்துவிட்டேன். போன மாதம், ஈரமும் குளிருமான ஒரு காலையில், பொலிஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் போகும்போது பெரிய ரவைக் கைத்துவக்குகளை மட்டும்தான் இந்த வெள்ளைக்காரரின் சட்டம் தடுத்திருந்தது. சின்ன ரவைத் துவக்கைக் கிளப்பில் பூட்டி வைத்துக்கொண்டு சுடலாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைத்தான் சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள். நீங்கள் போன பிறகு தேர்தல் வந்தது, அரசாங்கம் மாறியது, சின்னதும் கூடாது என்று அடுத்த சட்டமும் வந்துவிட்டது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு விளக்கு வைக்கும்போதுகூடச் சொல்லவில்லை.

கொடுக்கச் சந்தோஷப்பட்டிருப்பேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அந்தச் சாமான் வீட்டுக்குள் வந்த நாளில் நான் ஆடின ஆட்டம் அப்படி. நீங்கள் வேலை செய்த பக்டரியின் சோஷல் கிளப்புக்கு ஒருவர் விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனார் என்றீர்கள். அடித்தளத்தில் ஒரு நீட்டு மண்டபம், கடைசியில் கடதாசி வட்டங்கள், அவ்வளவுதான் என்றீர்கள். பிறகு பொலிஸ் அனுமதி, மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஆணி அடித்த இரும்பு அலுமாரி, அதற்குள் அது.

"என்ரை தம்பியைத் திண்ட சாமானை என்ரை வீட்டுக்கை கொண்டு வந்து வைச்சிருக்கிறியளே, உங்களுக்கு நெஞ்சிருக்கோ?" என்று கேட்டேன்.

தம்பி சிவம் ஊரில் சுடப்பட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. சந்தியில் சைக்கிளை நிறுத்திப் பேப்பர் வாங்கிக்கொண்டு நின்றவன். சுட்டது எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு பக்கத்தைச் சொன்னார்கள். அம்மாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றாகத்தான் போயிற்று.

நீங்கள் அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. "நீர் ஒருநாள் வந்து பாரும். அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டால் விடுறன்" என்றீர்கள். நான் போவேனா? வருடக்கணக்காக வரமாட்டேன் என்று நின்றேன்.

இங்கே இருக்கிற நம் ஊர்ச் சனம் சும்மா இருந்ததா? கோயிலில் தேர் இழுக்கிற இடத்தில் ஒரு மனுசி என்னை ஓரமாக இழுத்து, "உங்கடை அவர் ஆருக்கோ சுடப் பழக்குறாராமே?" என்று காதுக்குள் கேட்டாள். இன்னொரு பக்கம் சாதாரண உடுப்பில் வந்த இரண்டு வெள்ளைக்காரர் நம் சோபாவில் இருந்து, ஊருக்குக் கடைசியாக எப்போது போனீர்கள், யாருக்குக் காசு அனுப்புகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்கள். இரண்டு பக்கத்துக்கும் நீங்கள் ஒரே பதிலைத்தான் சொன்னீர்கள். "நான் கடதாசியைத்தான் சுடுறன்." ஒருவரும் நம்பவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நான் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்தச் சரஸ்வதி பூசை ஞாபகமிருக்கிறதா? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வருகிறது. மகள் அபிராமி தன் புத்தகங்களையும் வயலினையும் வைத்தாள். நான் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன். நீங்கள் மெல்லப் போய் அலுமாரியைத் திறந்து, அதை எடுத்து வந்து, வெள்ளைத் துணி விரித்து வீணைக்காரியின் காலடியில் வைத்துவிட்டீர்கள். மரப் பிடிக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ. "கைத்தொழிலை வைக்கலாமெண்டால் கைப்பழக்கத்தை வைக்கக் கூடாதோ?" என்று நியாயம் வேறு.

அனுமதி புதுப்பிக்கப் பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்க்கிற நாள் அடுத்த கிழமை என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள். அந்த மனுசன் அன்றைக்குப் பின்னேரமே வந்து மணி அடித்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி உள்ளே வந்தார். அலுமாரி காலி. துவக்கோ குத்துவிளக்குக்கு முன்னால், பூவோடு.

உடனே எடுத்துப் பூட்டச் சொன்னார். அப்போது அவரை மறித்தது யார்? நான்தான். அந்தச் சாமானின் பெயரையே வாயால் சொல்லாத நான், பூசையில் வைத்ததை விசயதசமிக் காலைக்கு முன் தொடக் கூடாது என்று என் அரைகுறை இங்கிலீசில் அவரோடு வாதாடினேன். நாளைக்கு வாருங்கள் என்றேன். கடலையும் அவலும் தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவர் கடலையைச் சாப்பிட்டு முடித்தார், நன்றி சொன்னார், துவக்கைச் சந்தனத்தோடு ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுபோய்விட்டார்.

அந்த மாரிகாலம் முழுவதும் அது பொலிஸ் பெட்டகத்தில் இருந்தது. பக்டரி அணிக்கு உங்களை முதன்முதலாகத் தெரிவு செய்த மாரியும் அதுதான். போட்டி நாட்களில் நீங்கள் துவக்கு இல்லாமல் போய் மற்றவர்களின் புள்ளிகளைப் பலகையில் எழுதிக்கொண்டு நின்றீர்கள். ஒரு சொல் குறை சொல்லவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு அது திரும்பி வந்தபோது மரப் பிடியின் திருகாணிக் குழிக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது. அதை நீங்கள் துடைக்கவேயில்லை. "இனி இது அம்மன்ரை பங்கு" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் நான் வந்தேன். கிளப்பின் குடும்ப நாள். உங்களுக்காக அல்ல, நீங்கள் புள்ளி எழுதிக்கொண்டு நின்ற அந்த மாரிக்காக வந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் காதுமூடி போட்டுக்கொண்டு இருந்தேன். முதல் வெடி வெடித்தது. சந்தியும் சைக்கிளும் வந்து நின்றன. எழும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது.

அந்த நேரம் செயலாளர் மிஸ்டர் பெனட், ஒடிந்து விழுகிற மாதிரி மெலிந்த அந்தக் கிழவர், கையை உயர்த்தி "ஸ்டொப்" என்றார். இலக்கில் ஏதோ கழன்று தொங்கியதாம். அவ்வளவுதான். வரிசையில் நின்ற எல்லாரும் அப்படியே நிறுத்தினார்கள். ரவையைக் கழற்றினார்கள், துவக்கைத் திறந்து மேசையில் வைத்தார்கள், ஓரடி பின்னால் வந்து நின்றார்கள். அவர் ஒவ்வொரு மேசையாகப் போய் உள்ளே காலி என்று கண்ணால் பார்த்தார். கெட்டிக்காரன், முதலாளி, தொழிலாளி, எல்லாருக்கும் ஒரே சட்டம். திறந்து வைத்தால்தான் காலி என்று அர்த்தம், மூடி வைத்தால் காலி என்று யாரும் நம்பக் கூடாது.

நீங்கள் வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தீர்கள். "பாத்தீரா?" என்று கேட்டீர்கள். "ஒரு கிழவன் ஒரு சொல்லுச் சொல்ல எல்லாரும் துவக்கைக் கீழை வைக்கினம். எங்கடை ஊரிலை ஆர் சொல்லி ஆர் வைச்சவை? நான் சுடுறதுக்கெண்டு இஞ்சை வாறேல்லையப்பா. இதைப் பாக்கத்தான் வாறன்."

அன்றைக்கு அங்கேயே நான் அழுதேன். அதன் பிறகு உங்களை நான் ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இடியப்பம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு ஸ்கொட்லாந்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதைப் பற்றி நான் என்ன எழுத? ஒருவன் உள்ளே புகுந்து சுட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள். அனுமதியோடு வாங்கின கைத்துவக்குகள். தொலைக்காட்சியில் வாசலில் ஓடிய தாய்மாரைப் பார்த்துவிட்டு, எனக்கு அன்று அம்மாவின் முகம்தான் தெரிந்தது. நீங்கள் டீவியை நிறுத்தவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

கைத்துவக்கே கூடாது என்று அந்தத் தாய்மார் கையெழுத்துச் சேர்த்தார்கள். கிளப்பில் கூட்டம் வைத்தார்கள். ஒருவன் செய்த பாவத்துக்கு எங்கள் எல்லாரையும் ஏன் தண்டிக்க வேண்டும் என்று கத்தினார்களாம். ஊர்வலத்துக்கு ஆள் சேர்த்தார்களாம். நீங்கள் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே நின்று சொன்னீர்கள். "அவையள் சொல்றதும் சரிபோலைக் கிடக்கு. அந்தத் தாய்மார் சொல்றதும் சரி. நான் எங்கை நிக்கிறது?" ஊர்வலத்துக்குப் போகவில்லை. சுடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய் அதைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வருவீர்கள்.

சின்ன ரவை தப்பிவிட்டது என்று செய்தி வந்த அன்று உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பெரிசுகளைக் குடுக்கட்டும். எங்கடை சின்னன் கடதாசியைத்தானே துளைக்குது" என்றீர்கள்.

"எது கடதாசி, எது பிள்ளையெண்டு துவக்குக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

நீங்கள் பதில் சொல்லவில்லை. பிறகு நெஞ்சு நோ வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, நேரமில்லாமல் போயிற்று. பதில் வைத்திருந்தீர்களா? எனக்குச் சொல்ல விரும்பவில்லையா? அல்லது என் கேள்விதான் பதில் என்று விட்டுவிட்டீர்களா? இந்த ஒரு வருடமும் அதுதான் என்னை அரித்தது. இருந்திருந்தால் நீங்கள் அதைக் கொடுத்திருப்பீர்களா, இல்லையா? கொடுக்கிற நான் உங்களுக்குச் செய்வது துரோகமா, நன்மையா?

நீங்கள் போன உடனேயே மிஸ்டர் பெனட் பொலிசுக்கு அறிவித்துத் துவக்கைக் கிளப் பெட்டகத்துக்கு எடுத்துப்போயிருந்தார். கொடுக்க வேண்டிய நாள் வந்ததும் அவரே போன் எடுத்தார். நீங்கள் வர வேண்டியதில்லை, என்னுடையதோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். நான் வருகிறேன் என்றேன். அபிராமி கொலேஜுக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

பொலிஸ் ஸ்டேஷனில் வரிசை. வரிசை என்றால் சாதாரண வரிசை இல்லை, இஞ்சாருங்கோ. கோட்டும் தொப்பியும் போட்ட கிழவர்கள், தாதிமார் மாதிரி ஒழுங்காக உடுத்த பெண்கள், உங்கள் கிளப் ஆட்கள், வேறு கிளப் ஆட்கள். எல்லார் கையிலும் ஒரு பெட்டி. ஒருவர் நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரிப் பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். ஒருவருக்குக் கண் சிவந்திருந்தது. கோபத்தில் முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. தங்கள் முறை வந்ததும் பெட்டியைத் திறந்தார்கள், துவக்கைத் திறந்தார்கள், காலி என்று காட்டினார்கள், வைத்துவிட்டு ஓரடி பின்னால் வந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. பெட்டியை மிஸ்டர் பெனட் என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை, அவர்தான் திறந்து காட்டினார். இளம் பொலிஸ்காரன் பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, திருகாணிக் குழியைக் காட்டி, துருவா என்று கேட்டான்.

"இல்லை, பூசை" என்றேன். இங்கிலீசில் அதற்கு என்ன சொல்வது என்று எனக்கு வரவில்லை. அபிராமி ஏதோ விளங்கப்படுத்தினாள். அவன் தலையாட்டிவிட்டு, பெயர் எழுதின கடதாசித் துண்டு ஒன்றைக் கட்டி, மற்றத் துவக்குகளோடு வைத்தான். எல்லாம் உருக்கப்படுமாம். சந்தனமும் சேர்ந்துதான்.

எனக்கு அழுகை வந்தது. துவக்குக்காகவா, உங்களுக்காகவா, பிரிக்கத் தெரியவில்லை. "அம்மா, ஆர் யூ ஓகே?" என்று அபிராமி தோளைப் பிடித்தாள். நான் திரும்பி அந்த வரிசையைப் பார்த்தேன். அது வாசலுக்கு வெளியே மழைக்குள்ளும் நீண்டு நின்றது. அந்தப் பக்கம் அழுத தாய்மார் ஒரு சொல் சொன்னார்கள், இந்தப் பக்கம் இத்தனை பேரும் வைக்கிறார்கள். இப்படி ஒரு வரிசை எங்கள் சந்தியில் நின்றிருந்தால் சிவம் பேப்பரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் இருந்திருந்தால் அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றிருப்பீர்கள். இதைப் பார்க்கத்தானே ஞாயிறு ஞாயிறாகப் போனீர்கள்? மனம் நொந்துதான் கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் கொடுத்திருப்பீர்கள்.

உங்கள் உலகத்துச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். ரொம்ஃபோர்ட் பக்கம் நீங்கள் அதை வாங்கின கடைக்காரர் இப்போது தூண்டிலும் மீன்பிடிக் கூடையும் விற்கிறார். நீங்கள் எடுக்கிற துவக்குச் சஞ்சிகை இன்னும் உங்கள் பெயருக்கே வருகிறது. இந்த மாதம் முழுக்க மூடின கடைகளும் மூடின கிளப்புகளும்தான். சிலர் நீட்டுத் துவக்குக்கு மாறிவிட்டார்கள், சிலர் சுடுவதற்காகப் பிரான்சுக்குப் போகிறார்கள். உங்கள் அடித்தள மண்டபத்தில் மேசைப் பந்து வைக்கப் போகிறார்களாம். மிஸ்டர் பெனட் அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஊரில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. அம்மா போனில் பேசும்போது இடையிடையே வெடிச் சத்தம் கேட்கிறது, அவ கதையை நிறுத்தாமல் பேசுகிறா.

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இரும்பு அலுமாரியைக் கழற்றிவிட்டுத் வீடு கூட்டுகிற தும்புக்கட்டையை வைக்கலாம் என்று அபிராமி சொன்னாள். வேண்டாம் என்றேன். அது அங்கேயே இருக்கும். ஆனால் பூட்டமாட்டேன். மூடி வைத்தால் காலி என்று யாரும் நம்பக் கூடாதே? கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டால், உங்கள் கதையைச் சொல்வேன்.

சத்தியமாகச் சொல்கிறேன். ஊரில் என்றைக்காவது ஒரு நாள், யாராவது ஒரு சொல் சொல்ல, எல்லாப் பக்கத்தாரும் பெட்டியோடு வந்து அந்தச் சந்தியில் வரிசையாக நின்றால், நான் எத்தனை வயதுக் கிழவியாய் இருந்தாலும் போவேன். தம்பி நின்ற இடத்தில் நின்று, கடைசி ஆளும் திறந்து, காட்டி, வைத்துவிட்டு, ஓரடி பின்னால் வருகிற வரைக்கும் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்துதான் இந்த அலுமாரிக் கதவைச் சாத்துவேன்.

உங்கள் இஞ்சாருங்கோக்காரி,
அபிராமியின் அம்மா, சிவத்தின் அக்கா
ஈஸ்ட் ஹாம்